சான்றாகுமா நம் சொல்?

(தொண்டர் பயிற்சி அரங்கில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)

    

'மக்கள் அமைப்புகளும் சான்று திரட்டலும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். உணர்வு கொப்பளிக்கும் உரைகளையே கேட்டுப் பழகிய நமக்கு இத் தலைப்புச் சற்று உப்பற்றதாகத் தோன்றலாம். ஆயினும், நாம் விடுத்த வேண்டுகைகளும் நடத்திய ஊர்வலங்களும் பல ஏன் பயனின்றிப் போயின என்பதை ஆற அமர எண்ணிப் பார்ப்போமாயின், அதற்குரிய விடைகளுள் ஒன்று இத் தலைப்பினுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

முதற்கண் என் பட்டறிவு ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். பல ஆண்டுகட்கு முன் எங்கள் பகுதிப் பங்கீட்டுக் கடை ஒன்றில் அரிசி எடை குறைத்து வழங்கப்படுவதாக மக்கள் குமுறினர். நாங்கள் சிலர் கூடி வேண்டுகை ஒன்று எழுதினோம். 'ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நாளும் வஞ்சிக்கப்படுகின்றன' என்று தொடங்கி, கடுஞ்சொற்களை யெல்லாம் அதில் கொட்டியிருந்தோம். உரிய அலுவலரிடம் சென்று கொடுத்தோம். அவர் அதை முழுதும் படித்தார். பின்னர் அமைதியாக, "எந்தக் குடும்பம்? எந்த நாள்? எத்தனை கிலோ குறைந்தது? ஒரே ஒரு குடும்பத்தைச் சொல்லுங்கள், இப்பொழுதே வருகின்றேன்" என்றார். எங்களுள் ஒருவர் வாயும் திறக்கவில்லை. எங்கள் கையில் ஒரு பெயர்கூட இல்லை. அவர் நல்லவரா தீயவரா என்பதன்று செய்தி. அவர் கேட்டது கேட்கத்தக்க கேள்வி. விடை எங்களிடம் இல்லை. அவ்வளவுதான்.

தலை கவிழ்ந்து திரும்பிய எங்களை மூதாட்டி ஒருவர் தம் வீட்டுக்குள் அழைத்துச் சென்றார். அடுப்பங்கரைச் சுவரில் வரிசை வரிசையாகக் கரிக்கோடுகள். திங்கள்தோறும் கடையரிசியை வீட்டில் மீண்டும் படியால் அளந்து, குறைந்த ஒவ்வோர் ஆழாக்குக்கும் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். "ஏன் தம்பி, போகும்முன் என்னை ஒரு சொல் கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். எழுத்தறியாத அத் தாய் திரட்டியது சான்று. எழுத்தறிந்த நாங்கள் எழுதியது வெறுங் கூக்குரல். அன்று பெற்ற வெட்கமே இன்று இவ் வுரையாக வெளிப்படுகின்றது.

அன்பர்களே! சான்று என்பது யாது? நாம் நம்புவது சான்றாகிவிடாது. நம்மைச் சேர்ந்தவர் கைதட்டி ஏற்பதும் சான்றாகிவிடாது. நம்மை விரும்பாதவனும், நம்மால் குற்றஞ்சாட்டப்பட்டவனும் நேரில் வந்து சரிபார்த்து, மறுக்க வியலாமல் தலைகுனிய வேண்டுமே, அதுதான் சான்று. இதனை நாட்டுக்குக் கற்பித்தவர்கள் பெரும் பேராசிரியர்கள் அல்லர். இராசசுத்தான் மாநிலத்தின் வறண்ட சிற்றூர்களில் மண் வெட்டியும் கல் சுமந்தும் வாழ்ந்த கூலித் தொழிலாளர்கள். அவர்கள் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்வேன்.

1987ஆம் ஆண்டில் அருணா இராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அம் மாநிலத்துத் தேவ்துங்கிரி என்னும் சிற்றூரில் மண் குடிசையொன்றில் குடியேறினர். அருணா இராய் இந்திய ஆட்சிப் பணியில் இருந்து, அதனை உதறிவிட்டு வந்தவர். 1990 மே முதல் நாள், பீம் என்னும் ஊரில், அவர்களும் அப் பகுதி உழவரும் கூலியாள்களும் சேர்ந்து 'மசுதூர் கிசான் சக்தி சங்கட்டன்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர். தொழிலாளர், உழவர் ஆற்றல் அமைப்பு என்பது அதன் பொருள். அமைப்பின் முழுநேரத் தொண்டர்கள் அரசு வரையறுத்த குறைந்த அளவுக் கூலியையே தமக்கும் ஊதியமாக வைத்துக்கொண்டனர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுங்கள். இதன் சிறப்பைப் பின்னர்ச் சொல்வேன்.

அங்கிருந்த சிக்கல் மிக எளியது. வறட்சிக்கால அரசுப் பணிகளில் உழைத்தவர்க்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், 'நீ அவ்வளவு வேலை செய்யவில்லை. ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது' என்றனர். 'அந்த ஏட்டைக் காட்டுங்கள்' என்று தொழிலாளர் கேட்டனர். 'அது அரசின் மறைபொருள். காட்ட முடியாது' என்பது விடை. வெள்ளையன் 1923இல் இயற்றி வைத்துவிட்டுப் போன மறைபொருட் காப்புச் சட்டத்தின் நிழல், விடுதலை பெற்ற நாட்டின் சிற்றூர்க் கூலி ஏட்டின்மீதும் படிந்திருந்தது! தன் பெயர் எழுதிய ஏட்டைத் தானே பார்க்க முடியாத நிலை. இந்த இடத்தில்தான் அவர்களுக்கு உண்மை புலப்பட்டது. கூலிக்கான போராட்டமும் ஏட்டுக்கான போராட்டமும் ஒன்றே என உணர்ந்தனர்.

மனச்சான்றுள்ள அலுவலர் ஒருவரின் துணையால் சில ஏடுகள் அவர்கள் கைக்கு வந்தன. வந்தவுடன் அவர்கள் செய்தித்தாளுக்கு ஓடவில்லை. அவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்றனர். 'இந்தப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. நீ அங்கு வேலை செய்தாயா? இத்தனை நாள் செய்தாயா? இவ்வளவு கூலி பெற்றாயா? இந்தக் கைந்நாட்டு உன்னுடையதா?' என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு எழுதினர். அதன் பின்னரே, 1994 திசம்பர் 2ஆம் நாள், பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் பொதுமக்கள் கேட்பவையைக் கூட்டினர்.

அந்த அவையின் அமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். மறைவாக ஏதும் இல்லை. ஊரார் அனைவரும் வரலாம். வெளியூரிலிருந்து வழக்குரைஞர், கல்வியாளர், இதழாளர் போன்றோர் நடுநிலையாளராக வந்து அமர்ந்தனர். அலுவலரும் குற்றஞ்சாட்டப்பட்டோரும் அழைக்கப்பட்டனர். தம் பக்கத்தைச் சொல்ல அவர்கட்கும் இடம் உண்டு. ஒலிபெருக்கியில் ஏடு வரிவரியாகப் படிக்கப்பட்டது. பெயர் உரியவர் எழுந்து, 'நான் அங்கு வேலை செய்யவே இல்லை' என்றார். இறந்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. முடிந்துவிட்டதாக ஏட்டில் காட்டப்பட்ட கட்டடம் முடியாமல் நிற்பதை ஊரே அறிந்திருந்தது; ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் அதுவரை ஊருக்குத் தெரியாது! ஏட்டை வைத்திருந்தவனுக்கு ஊர் தெரியும்; ஊரில் வாழ்ந்தவனுக்கு ஏடு தெரியாது. இரண்டையும் ஒரே பந்தலின்கீழ்க் கொண்டுவந்து பொருத்திக் காட்டியதே அவ் வமைப்பின் பெருஞ்செயல்.

1995 ஏப்பிரலுக்குள் இத்தகைய அவைகள் ஐந்து நிகழ்ந்தன. கணக்கைக் காட்ட மாட்டோம் என ஊராட்சிப் பணியாளர் எதிர்ப்புத் தெரிவித்த நிகழ்ச்சியும் உண்டு. மடியில் கனமிருந்தால்தானே வழியில் அச்சம்! 1995 ஏப்பிரலில் அம் மாநில முதலமைச்சர், ஊராட்சிக் கணக்குகளின் படிகளைக் கட்டணம் செலுத்தி மக்கள் பெறலாம் என்று சட்டமன்றத்தில் உறுதி கூறினார். ஓராண்டு கடந்தும் அவ் வுறுதி ஆணையாகவில்லை. எனவே 1996 ஏப்பிரல் 6ஆம் நாள் பியாவர் என்னும் நகரில் அறவழி அமர்வுப் போராட்டம் தொடங்கி நாற்பது நாள் நீடித்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்கள் முழக்கம். சிற்றூரார் தவசத்தைக் கொண்டுவந்து கொடுத்தனர். நகரத்து வணிகரும் துணை நின்றனர். 2000த்தில் அம் மாநிலத்தில் செய்தி அறியும் உரிமைக்குச் சட்டம் வந்தது. 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் நிறைவேறி, அவ் வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், பணிகளை ஊரவையே தணிக்கை செய்ய வேண்டும் என்னும் விதியும் இடம் பெற்றது. கோட் கிரானாவில் ஊரார் செய்துகாட்டியதையே அவ் விதி நாடெங்கும் கடமையாக்கியது.

இதற்கு மாறான ஒன்றையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்திய மாநிலங்களுள் இத்தகைய சட்டத்தை முதன்முதல் இயற்றிய பெருமை நம் தமிழ்நாட்டிற்கே உரியது. 1997இலேயே இங்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதில் விலக்குகள் மிகுதி; பயன்படுத்தியோர் குறைவு. ஏன்? அச் சட்டம் மேலிருந்து இறங்கிற்று. ஊர்தோறும் ஏட்டைக் கேட்டுப் பெற்று, பொருத்திப் பார்த்து, அதன் பயனைச் சுவைத்த மக்கள் கூட்டம் அதற்குப் பின்னால் இல்லை. தானே வந்த சட்டம் தாளிலேயே தங்கியது.

இப்பொழுது நம் கடலூர்க்கு வருவோம். எல்லாச் சிக்கல்களுக்கும் ஏடு இருப்பதில்லை அல்லவா? காற்று நாறுகிறது என்றால் எந்த ஏட்டைப் புரட்டுவது? கடலூர்ச் சிப்காட்டுத் தொழிற்பேட்டையை அடுத்து வாழும் ஊர் மக்கள் பல்லாண்டுகளாக மூச்சு முட்டுகிறது, கண் எரிகிறது என்று முறையிட்டு வந்தனர். அலுவலர் வந்து சேர்வதற்குள் காற்றுத் திசை மாறிவிடும். 'நாற்றம் ஏதும் இல்லையே' என்று எழுதிவிட்டுப் போவது எளிது. 2004ஆம் ஆண்டில் அவ் வூர்களைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்றுத் தாமே கண்காணிப்பாளராயினர். நாற்றம் எழுந்தால், எந்த நாள், எத்தனை மணி, காற்று எத் திசையினின்று வீசிற்று, நாற்றம் எதைப் போன்றது, உடலில் என்ன தோன்றிற்று என்று பதிவு செய்தனர். அழுகிய முட்டை நாற்றத்துக்கு ஒரு வேதிப்பொருள். அழுகிய முட்டைக்கோசு நாற்றத்துக்கு வேறொன்று. ஆகவே 'தாங்க முடியாத நாற்றம்' என்று எழுதுவதைவிட 'அழுகிய முட்டை போன்ற நாற்றம்' என்று எழுதுவது ஆய்வாளனுக்கு நூறு மடங்கு பயன்படும்.

அதனோடும் அமையாமல் காற்றையே பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். அதற்குரிய கருவி, மூடியிட்ட ஒரு ஞெகிழி வாளி. உள்ளே ஆய்வுக்குரிய பை. வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறு பொறி வெளியே இழுக்கும்பொழுது, புறக்காற்றுப் பைக்குள் புகும். 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எண்ணெய்த் தூய்விப்பு ஆலைகளின் அருகில் வாழ்ந்த மக்கள் பயன்படுத்திய முறை அது. கடலூர்க் காற்றில் இருபதுக்கு மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் இருப்பதும், அவற்றுள் சில புற்றுநோய் விளைப்பன என்பதும் 2004இல் வெளியான அறிக்கையால் தெரிய வந்தன. அதன் பின்னர், 'நாற்றம் இல்லையே' என்று சொல்லித் தட்டிக் கழிக்க முடியவில்லை. மக்கள் அளந்துவிட்டமையால் அரசின் அமைப்புகளும் அளந்தாக வேண்டிய நிலை பிறந்தது.

இவ் விரு நிகழ்ச்சிகளினின்றும் நம் தொண்டர்கள் கைக்கொள்ளத்தக்க முறைகளை வரிசைப்படுத்துகின்றேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கேள்வியைச் சுருக்குக. 'எங்கும் ஊழல்' என்பதை எவராலும் மெய்ப்பிக்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. 'இந்தத் தெருவில், இந்த ஆண்டு, இந்தச் சாலைக்கு எத்தனை மூட்டைச் சிமிட்டி எழுதப்பட்டது, எத்தனை இறங்கிற்று?' என்பதை மெய்ப்பிக்கலாம். சிறிய கேள்விக்குக் கிடைத்த உறுதியான விடை, பெரிய கேள்விக்குக் கிடைத்த உறுமலைவிட வலியது.

இரண்டாவது, ஏட்டைக் கேட்டுப் பெறுக. நடுவண் சட்டப்படி பத்து உருபா கட்டணத்தில் வேண்டுகை விடுக்கலாம். முப்பது நாளுக்குள் விடை தரவேண்டும். ஏட்டின் படியைப் பெறுவதோடு, நடைபெறும் பணியை நேரிற் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைச் சான்றிட்டுப் பெறவும் அச் சட்டம் உரிமை தருகின்றது. இதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

மூன்றாவது, ஏட்டை உரியவரிடம் கொண்டு செல்க. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு வீட்டையும் பாருங்கள். நமக்கு வேண்டிய விடையைச் சொல்பவர் வீட்டுக்கு மட்டும் செல்வது ஏமாற்று. பார்க்கவியலாத வீடுகள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். நம் கருத்துக்கு எதிரான விடை வந்தால் அதனையும் அதே மையால் எழுதுங்கள்.

நான்காவது, கண்டதைக் கண்ட இடத்திலேயே, கண்ட பொழுதிலேயே எழுதுக. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவது பாதி புனைவாகிவிடும். யார் எழுதியது, யார் உடனிருந்தார் என்னும் பெயர்களும் இருத்தல் வேண்டும். மாதிரி எடுத்தால், எடுத்த கை முதல் ஆய்வகம் சேர்ந்த கை வரை ஒவ்வொரு கையும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, வெளியிடுமுன் எதிர்த்தரப்பாரிடம் காட்டுக. அவர் விடையையும் சேர்த்து வெளியிடுக. 'எதிரிக்கா இடம் கொடுப்பது?' என்று இளைஞர் சினக்கலாம். எதிரி பார்த்தும் உடையாத சான்று, பிறகு எவராலும் உடையாது. அவர் சுட்டும் பிழை உண்மையாயின், நம் அறிக்கை அச்சேறும் முன்பே திருந்தும். அதுவும் நமக்கே ஊதியம்.

ஆறாவது, நம் கணக்கை முதலில் திறந்து வைக்க. அந்த இராசசுத்தான் தொண்டர்கள் கூலியாளுக்குரிய ஊதியத்தையே தாமும் பெற்றனர் என்றேன் அல்லவா? ஊரான் கணக்கைக் கேட்கப் போகிறவனைப் பார்த்து ஊரார் கேட்கும் முதற் கேள்வி, 'உன் கணக்கு எங்கே?' என்பதுதான். நன்கொடை எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்பதைப் பலகையில் எழுதி வைக்காத அமைப்புக்குப் பிறர் ஏட்டைப் புரட்டும் தகுதி இல்லை.

ஏழாவது, உயிர்நிலையான ஒன்று. நாம் பேசிவிட்டுப் பேருந்து ஏறிவிடுவோம். சான்று சொன்ன தாய் அவ் வூரிலேயே வாழ வேண்டும். 2008 மே திங்களில், சார்க்கண்டு மாநிலத்துப் பலாமு மாவட்டத்தில், வேலை உறுதித் திட்டப் பணிகளின் தணிக்கையில் ஈடுபட்டிருந்த இலலித் மேத்தா கொலை செய்யப்பட்டார். செய்தி அறியும் உரிமையைப் பயன்படுத்தியமைக்காக உயிரிழந்தோர் வேறு பலரும் உளர். ஆகவே, ஒருவர் இசைவின்றி அவர் பெயரை வெளியிடாதீர். ஒருவரைத் தனித்து நிறுத்தாது ஊரையே உடன் நிறுத்துக. நம் அறிக்கையில் ஒரு சொல் மிகைப்பட்டாலும் அதன் தண்டம் நம்மீது விழாது. நம்மை நம்பி வாய் திறந்த ஏழைமீதே விழும். மிகைப்படுத்துவோனை அவ் வேழைக்கு இரண்டகம் செய்தவன் என்றே நான் கருதுகின்றேன்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பெற்ற உரிமை பெட்டியில் வைத்த பொன் அன்று. 2023இல் இயற்றப்பட்ட தனியாள் தரவுக் காப்புச் சட்டம், செய்தி அறியும் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் தனியாள் செய்தி பற்றிய உட்பிரிவை மாற்றி எழுதியது. பெரும் பொதுநலன் இருப்பின் அத்தகைய செய்தியையும் தரலாம் என்று அவ் வுட்பிரிவிலேயே முன்பு இருந்த சொற்கள் புதிய வடிவில் இல்லை. பொதுநலன் என்னும் வாயில் வேறோர் உட்பிரிவில் இன்னும் உண்டு என்றாலும், மறுக்க விரும்புவோர்க்கு இது நல்ல சாக்கு. பெயர்களை மறைத்துக் கூலிப் பட்டியலைக் கொடுத்தால், இறந்தவர் பெயரில் எடுத்த பணத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது? 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தையும் நீக்கி, 2025 திசம்பரில் நடுவண் அரசு வேறு சட்டம் இயற்றியது. ஒரு தாளில் எழுதியதை இன்னொரு தாள் அழிக்கும். கணக்குக் கேட்டுப் பழகிய மக்களை எத் தாளும் அழிக்க இயலாது.

'இவ்வளவும் செய்தால் அரசு உடனே திருந்திவிடுமா?' என்று கேட்பீர்கள். திருந்தாது. கோட் கிரானாவிலிருந்து நாடு தழுவிய சட்டம் வரப் பத்தாண்டுகளுக்கு மேலாயின. இடையில் நாற்பது நாள் தெருவில் அமரவும் வேண்டியிருந்தது. சான்று போராட்டத்துக்கு மாற்றாகாது, போராட்டத்தின் முதுகெலும்பாகும். சான்றின்றி எழுந்த போராட்டம் காவலர் வண்டியைக் கண்டதும் கலையும். சான்றோடு எழுந்த போராட்டத்தைக் கலைத்தாலும், எழுப்பிய கேள்வி அங்கேயே நிற்கும்.

எனவே தொண்டர்களே! அடுத்த திங்கள் நாம் கூடுமுன் ஒவ்வொரு கிளையும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் கழிப்பறை எத்தனை, அவற்றுள் தண்ணீர் வருவன எத்தனை? உங்கள் மருத்துவ நிலையத்தில் மருத்துவர் இருந்த நாள்கள் எத்தனை? உங்கள் ஊர் அலுவலகத்தில் மக்களுக்குக் கொடுக்கும் படிவங்களுள் தமிழில் உள்ளவை எத்தனை? பெரிய அறிக்கை வேண்டா. ஒரு பக்கம் போதும். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு பெயரும் ஒரு நாளும் ஒரு கண்ணும் இருத்தல் வேண்டும்.

அத் தாய் இன்றில்லை. அவ் வீடும் இடிந்துவிட்டது. அச் சுவரின் கரிக்கோடுகளை மட்டும் நான் மறக்கவில்லை. இனி எந்த அலுவலரிடத்து நீங்கள் சென்றாலும், 'எந்தக் குடும்பம்? எந்த நாள்? எவ்வளவு?' என்று அவர் கேட்கட்டும். அப்பொழுது தாளை விரித்து, 'இதோ!' என்று சொல்லும் நிலையில் நீங்கள் நிற்க வேண்டும் என்று வேண்டி, என் உரையை நிறைவு செய்கின்றேன்.